பாங்காக் போறீங்களா? காலைக் கவனிங்க!

செமஸ்டர் லீவுல தாய்லாந்து பிளானா? முதல்ல பாஸ்போர்ட்டைப் பாருங்க. போற நாள்ல இருந்து 6 மாசமாவது செல்லுபடி ஆகணும். இ-சிகரெட் எடுத்துட்டுப் போகாதீங்க, அங்கே அது சட்டவிரோதம்.

தாய்லாந்து மக்களுக்குத் தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது. விளையாட்டுக்குக்கூட யார் தலையையும் தொடாதீங்க. புத்தர் சிலைக்கு நேரா கால் நீட்டாதீங்க. கோயிலுக்குத் தோளும் முட்டியும் மறையுற டிரெஸ்தான். பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது.

முக்கியமானது: பாத் நோட்டு பறந்தா காலால மிதிச்சுப் பிடிக்காதீங்க. அதுல மன்னர் படம் இருக்கு. மன்னரை அவமதிச்சா, குற்றவியல் சட்டத்தோட 112-ஆம் பிரிவுப்படி 3 முதல் 15 வருஷம் சிறை. மீம், ஜோக் எதுவும் வேண்டாம்.

புத்தகத்துல கால் பட்டா நாம தொட்டுக் கும்பிடுவோமே, அந்தப் பழக்கத்தை ஞாபகம் வெச்சுக்கிட்டாலே பாதி மரியாதை தானா வந்துடும்.