தீ அணைந்த பின்னும் வீட்டில் தங்கும் புகை

"தீ அணைந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, டாக்டர். வீட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை. ஆனாலும் அம்மாவுக்கு இரவானால் இருமல் நிற்பதில்லையே, ஏன்?"

புகையால் பாதிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தினர் கேட்கும் கேள்வி இது. 2023 ஏப்ரலில் ஆலாந்துறையை அடுத்த நாதேகவுண்டன்புதூர் மலைப்பகுதியில் காட்டுத்தீ பரவியபோது, விமானப்படை ஹெலிகாப்டர் மலம்புழா அணையிலிருந்து நீர் முகந்து வந்து தெளிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் வெள்ளலூர் குப்பைக்கிடங்கு பல நாள்கள் எரிந்தது. இத்தகைய தீயில் வீடு தப்பிவிடலாம். ஆனால் வீட்டுக்குள் நுழைந்த புகை முழுவதும் வெளியேறிவிடுவதில்லை.

புகை எங்கே தங்குகிறது?

புகையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று நுண்துகள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள இத்துகள்கள் ஓட்டு இடுக்கு, சன்னல் விளிம்பு வழியாக நுழைந்து மின்விசிறி இறக்கை, கொசுவலை, மெத்தை, திரைச்சீலை ஆகியவற்றில் படிகின்றன. பெருக்கும்போதும் விசிறி சுழலும்போதும் மீண்டும் காற்றில் எழுகின்றன.

மற்றொன்று ஆவியாகும் வேதிப்பொருள்கள். இவை சுவரிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு, பின்னர் மெல்ல மெல்ல வெளிப்படுகின்றன. 2021 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவின் கொலராடோவில் ஏற்பட்ட மார்ஷல் தீயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அங்கே தப்பிய வீடுகளிலும் புகையின் எச்சம் நீடித்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கதவைத் திறந்து வைத்தால் காற்று தூய்மையாகிறது. மூடியதும் பரப்புகளில் தங்கிய பொருள்கள் மீண்டும் ஆவியாகின்றன. ஆகவே, காற்றோட்டம் தேவைதான். ஆனால் பரப்புகளைத் துடைத்துக் கழுவுவதே நிலையான தீர்வு.

நோயாளியைக் கவனியுங்கள்

வெளியூர் சென்றால் நன்றாக இருப்பவருக்கு வீடு திரும்பியதும் இருமலும் இளைப்பும் வருகின்றனவா? அப்படியாயின் வீட்டையும் சந்தேகிக்க வேண்டும். இதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியோரும் கூடுதல் கவனத்துக்குரியவர்கள். புகை போய்விட்டது என்று எண்ணித் தினசரி இன்ஹேலரைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மூச்சுக்குழாய் அழற்சி, புகை கண்ணுக்கு மறைந்த பின்னும் நீடிக்கக்கூடும்.

சுத்தம் செய்யும் முறை

1. வெளியில் புகை முற்றிலும் நின்ற பிறகே தொடங்குங்கள். சுத்தம் முடியும்வரை நோயாளியும் குழந்தைகளும் வேறிடத்தில் இருக்கட்டும்.

2. சுத்தம் செய்பவர் என்95 முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு நுண்துகளைத் தடுக்காது. சாம்பல் காரத்தன்மை உடையது; தோலை உறுத்தும்.

3. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சாதாரண வேக்குவம் கிளீனரும் நுண்துகளை மறுபடி காற்றில் விடும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள்: முதலில் விசிறி, பிறகு சுவர், அலமாரி, இறுதியாகத் தரை. அழுக்கான நீரை அடிக்கடி மாற்றுங்கள். விசிறியைத் துடைத்த பின்பே சுழல விடுங்கள்.

4. திரைச்சீலை, போர்வை, தலையணை உறைகளைத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். பலமுறை வெயிலில் காயவைத்தும் வாடை நீங்காத மெத்தையை நோயாளிக்குக் கொடுக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியின் வடிகட்டியையும் கழுவுங்கள்.

5. மேல்நிலைத் தொட்டியில் சாம்பல் விழுந்திருந்தால் நீரை வெளியேற்றிக் கழுவிய பின் நிரப்புங்கள். கூரையில் சாம்பல் இருக்கும்வரை மழைநீரைத் தொட்டியில் சேர்க்காதீர்கள்.

6. சுண்ணாம்பு அடித்த சுவரைத் துடைப்பது கடினம். கரியை நீக்கிய பிறகே புதுப்பூச்சு அடியுங்கள். கரியின்மேல் பூசினால் வாடை உள்ளேயே தங்கும்.

செய்யக் கூடாதவை

புகைவாடையைப் போக்கச் சாம்பிராணி போடுவது நம் வீடுகளில் வழக்கம். அது வாடையை மறைக்கும்; ஆனால் புகைக்குமேல் புகையைச் சேர்க்கும். ஊதுவத்தி, கொசுவத்திக்கும் இது பொருந்தும். நோயாளி குணமாகும்வரை இவற்றைத் தவிர்த்து, கொசுவுக்கு வலையைப் பயன்படுத்துங்கள். ஓசோன் வெளியிடும் கருவிகள் நுரையீரலுக்குத் தீங்கானவை. பிளீச்சிங் பவுடரை அமிலத்துடன் கலந்தால் நச்சுவாயு உண்டாகும்.

உடனே வர வேண்டிய நிலை

ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியாத மூச்சுத்திணறல், உதடு நீலமாதல், மார்புவலி, குழப்பநிலை, அவசர இன்ஹேலருக்கும் கட்டுப்படாத இளைப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அந்தத் தாயின் இரவு இருமலுக்கு மருந்து மாத்திரம் போதாது. அவர் தலைவைத்து உறங்கும் அறையும் குணமாக வேண்டும். எனவே, முதலில் அந்த ஓர் அறையைச் சுத்தம் செய்து அவருக்கு ஒதுக்குங்கள். மற்ற அறைகளைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.