ஒரே சண்டை, மூன்று நீதிமன்றம்

எந்தக் குற்றம் எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்பதே இம்மாதப் பாடம்.

ஜொகூர் கிளைகளில் நான் சட்ட வகுப்பு எடுக்கும்போது, "பையனைப் பிடிச்சிட்டாங்க, எப்போ விடுவாங்க?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. நான் முதலில் கேட்பது, "எந்தப் பிரிவு?" என்பதுதான். அந்த எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது.

சாப்பாட்டுக் கடை முன் ஒரு கைகலப்பு என்று வைத்துக்கொள்வோம்.

1. கையால் அடித்துக் காயம்: பிரிவு 323, ஓராண்டு வரை சிறை. கத்தியால் காயம்: பிரிவு 324, 10 ஆண்டு வரை. இரண்டுமே மாஜிஸ்திரேட் நீதிமன்றம். பொதுவாக அங்கே 5 ஆண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாது.

2. பாராங்கால் வெட்டி எலும்பு முறிந்தால் பிரிவு 326, 20 ஆண்டு வரை. வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

3. அவர் இறந்து, அது கொலை என்றானால், தமிழ்ப் படங்களில் கேட்ட அதே 302. மரண தண்டனைக்குரிய குற்றத்தை உயர் நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கும். நம் மாநிலத்தில் ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் அது உள்ளது. 2023 ஜூலை 4 முதல் தூக்கு கட்டாயமில்லை. ஆனால் அதற்குப் பதில் 30 முதல் 40 ஆண்டு சிறை. ஆணாக இருந்தால் 12க்குக் குறையாத பிரம்படியும் உண்டு.

"நான் அடிக்கல, சும்மா கூடப் போனேன்" என்பார்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே தீய நோக்கத்தோடு கூடினால், ஒருவன் செய்த குற்றம் எல்லோர் மேலும் விழலாம் என்கிறது பிரிவு 149. சமய வகுப்பில் நல்ல சேர்க்கை பற்றிப் பேசுகிறோமே, அதன் சட்ட வடிவம் இது.

தடுப்புக் காவலும் தண்டனையைப் பொறுத்ததே. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றமென்றால், முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரை காவல் நீட்டிக்கலாம். 14 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஏழும் ஏழும்.

18 வயதுக்குக் கீழ் என்றால் சிறார் நீதிமன்றம் உண்டு. ஆனால் 302க்கு அங்கே இடமில்லை.

யாராவது கைதானால் பதறாமல் பிரிவு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்குரைஞரைக் கேளுங்கள். குடிமக்களுக்குக் காவல் நிலையத்திலும் தடுப்புக் காவல் விசாரணையிலும் அவர் உதவி இலவசம்.

கிளையில் பேசிப் பார்க்க: அந்தச் சண்டையில் மோட்டார் மட்டும் ஓட்டி வந்தவன் எந்த நீதிமன்றத்தில் நிற்பான்? ஏன்?