ஜெட் ஸ்கி இன்ஜின்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

பழைய கம்ப்யூட்டர் வாங்கும்போது அதன் ஹார்ட் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்ப்போம். 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்ற எண் அதைச் சொல்லிவிடும். தண்ணீரில் ஓடும் ஜெட் ஸ்கிக்கும் கணக்கு மணிதான், கிலோமீட்டர் இல்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம்.

சென்ற ஆண்டு புராஜெக்ட் வேலையாக ஃப்ளோரிடாவில் இருந்தேன். உடன் வேலை பார்த்த நண்பர் பழைய ஜெட் ஸ்கி தேடினார். இரண்டு கிடைத்தன. ஒன்று 90 மணி ஓடிய டூ ஸ்ட்ரோக். மற்றது 240 மணி ஓடிய ஃபோர் ஸ்ட்ரோக். விலை ஏறக்குறைய ஒன்றுதான். "கம்மியா ஓடினதுதானேப்பா நல்லது?" என்றார்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் தனி ஆயில் தொட்டி உண்டு. ஆனால் ஆயில் சுற்றி வராது. பெட்ரோலுடன் கலந்து உள்ளே போய், பிஸ்டனையும் பேரிங்குகளையும் நனைத்துவிட்டு எரிந்து போகும். நம் ஊரில் 2டி ஆயில் ஊற்றி ஓட்டிய பைக்குகள் நினைவிருக்கிறதா? அதே முறைதான். பழைய பெட்ரோல் பிசுபிசுத்து கார்புரேட்டர் அடைத்தால், உள்ளே போகும் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். ஜெட் ஸ்கியை யாரும் மெதுவாக ஓட்டுவதில்லை என்பதால் இது சில நிமிடங்களிலேயே நடக்கலாம். ஓட்டாமல் கடற்கரையில் நிறுத்தி வைத்தாலும் பேரிங்கில் துரு ஏறும். அதாவது, 90 மணி என்பதே சந்தேகப்பட வேண்டிய எண்!

ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் பம்ப், ஃபில்டர் வழியாகச் சுற்றி வருகிறது. அதனால் அதே மணி நேரத்துக்குத் தேய்மானம் குறைவு. யமஹாவின் எஃப்.எக்ஸ். 140 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் மாடல்கள் 2002-ல் வந்தன. அதற்கு முன்பே, 1999-ல், நீர் மாசு காரணமாக லேக் தாஹோ ஏரியில் கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்குத் தடை போட்டுவிட்டார்கள். நின்றுகொண்டே ஓட்டும் யமஹா சூப்பர்ஜெட் மட்டும் நெடுங்காலம் டூ ஸ்ட்ரோக்காகவே இருந்து, 2021 மாடலில்தான் மாறியது.

ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஒரு எதிரி உண்டு: உள்ளே புகும் தண்ணீர். கவிழ்ந்த வண்டியைப் பின்புற ஸ்டிக்கரில் காட்டியுள்ள திசையில்தான் நிமிர்த்த வேண்டும். தவறினால் சைலன்ஸரில் உள்ள நீர் சிலிண்டருக்குள் போகும். டூ ஸ்ட்ரோக் என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இன்ஜினைச் சுற்ற வைத்து நீரை வெளியேற்றி, உடனே ஓட்டிக் காய வைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் நீர் ஆயிலோடு கலந்து பால் டீ நிறமாகிவிடும். பலமுறை ஆயில் மாற்ற வேண்டும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையலாம். வால்வு, செயின் என்று பாகங்களும் அதிகம் என்பதால் செலவு கையைக் கடிக்கும்.

மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போனோம். டூ ஸ்ட்ரோக்கின் ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் 120 பி.எஸ்.ஐ., அடுத்ததில் 90. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்திருக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கின் டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது. ஆண்டுதோறும் ஆயில் மாற்றிய ரசீதுகளும் இருந்தன. நண்பர் அதையே வாங்கினார்.

கடலில் ஓட்டிய பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவும் முறையை மெக்கானிக் இரண்டு முறை சொன்னார். முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பிறகு குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது குழாயை மூடிய பிறகே இன்ஜினை நிறுத்த வேண்டும். நண்பர் இதைப் பிரிண்ட் எடுத்து ஷெட் கதவில் ஒட்டியிருக்கிறார்.