அரங்கத்தை அளந்துவிட்டு லென்ஸ் வாங்கு

அன்புள்ள நிலா,

கல்லூரி பேட்மிண்டன் போட்டியில் நீ எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. அந்தப் பெண் ஷட்டிலை அண்ணாந்து பார்க்கிற நொடியைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாய். ஆனால் முகம் கலங்கிப்போயிருக்கிறது, கை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தீற்றல்தான் இருக்கிறது. படத்தின் விவரத்தைத் திறந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது: 170 எம்.எம்., எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 3200, ஷட்டர் 1/125 நொடி. இந்தக் கணக்கில் யார் எடுத்தாலும் படம் இப்படித்தான் வரும்.

உன்னிடம் இருக்கும் 70-300-ஐவிட நீளமான ஜூம் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். கடைக்காரர் “வி.ஆர். இருக்கும்மா, ஆடவே ஆடாது” என்று சொன்னதாக எழுதியிருந்தாய். ஆடாதுதான், ஆனால் வி.ஆர். என்கிற நடுக்கத் தடுப்பு அடக்குவது உன் கையின் ஆட்டத்தை மட்டும்தான். ஓடுகிறவரை அது நிறுத்தாது. கோயில் மண்டபத்துத் தூணை எடுக்கும்போது வி.ஆர். பெரிய உதவி. ஸ்மாஷ் அடிக்கிற கையைப் பொறுத்தவரை அது இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

உன் அரங்கத்துக்கு வேண்டியது வெளிச்சத்தை அள்ளுகிற லென்ஸ். கூரையிலிருந்து ஒழுகும் மழைநீரைப் பிடிக்க வாய் குறுகிய குடத்தை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் எஃப் 5.6-க்கும் எஃப் 2-க்கும். எண் குறையக் குறைய வாய் அகலம். 5.6, 4, 2.8, 2 என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் வெளிச்சம் இரட்டிப்பாகும். உன் அரங்கத்தில் 5.6-க்கு 1/125 கிடைத்தது அல்லவா? ஐ.எஸ்.ஓ.வைத் தொடாமல் 4-க்கு வந்தால் 1/250, 2.8-க்கு வந்தால் 1/500, 2-க்கு வந்தால் 1/1000. கையைத் தலைக்கு மேல் வீசுகிற ஆட்டக்காரரை நிறுத்த எனக்கு 1/1000 வேண்டும். சர்வீஸ் போடும் முகம், புள்ளி எடுத்தபின் கத்துகிற முகம் என்றால் 1/500 போதும்.

ஷட்டிலை மட்டும் உறையவைக்க ஆசைப்படாதே. சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023-இல் ஜப்பானில் அடித்த ஸ்மாஷ் ஒன்றை மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. அந்த வேகத்தில் 1/1000 நொடிக்குள் ஷட்டில் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் தாண்டிவிடும். உங்கள் கல்லூரி ஆட்டக்காரர்கள் அந்த வேகத்தில் அடிக்கப்போவதில்லை; ஆனாலும் மட்டையை விட்டுக் கிளம்பும்போது ஷட்டில் இழுபட்டுத்தான் தெரியும். தெரியட்டும். முகமும் தோளும் துல்லியமாக இருந்தால் அந்த இழுவை படத்துக்கு அழகு.

இனி எத்தனை எம்.எம்.? இங்கேதான் எல்லோரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் லென்ஸை வாங்கிவிட்டு அதற்கேற்ற இடத்தை அரங்கத்தில் தேடுகிறார்கள். நீ முதலில் உட்காரும் இடத்தை முடிவு செய். 170 எம்.எம். உனக்கு ஏன் தேவைப்பட்டது? மாடத்தில் உட்கார்ந்திருந்தாய். அங்கிருந்து எடுத்தால் தலை உச்சிகளும் பச்சைத் தரையும்தான் அதிகம் வரும். உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டுக் கீழே இறங்கிவிடு. கல்லூரி அளவிலான போட்டியில் ஓரக்கோட்டைத் தாண்டி, நடுவருக்கும் கோட்டு நடுவர்களுக்கும் மறைக்காமல் தரையில் உட்கார்ந்தால் பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பேட்மிண்டன் ஆடுகளத்தின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். வலைக்கம்பத்துக்கு நேரே, ஓரக்கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறாய் என்று வை. பின்கோட்டுக்குப் போய் ஸ்மாஷ் அடிக்கிறவர் உன்னிடமிருந்து ஏறக்குறைய எட்டு மீட்டரில் இருப்பார். உன் நிக்கான் டி5600 கேமராவை நிமிர்த்திப் பிடித்து 85 எம்.எம். லென்ஸில் பார்த்தால் அந்தத் தூரத்தில் இரண்டேகால் மீட்டர் உயரத்துக்குச் சற்றுக் குறைவான காட்சி சட்டத்துக்குள் வரும். குதித்து அடிக்கிறவரின் முழங்காலிலிருந்து மட்டை வரை அடங்கும், முகம் பெரிதாக இருக்கும். 50 எம்.எம். போட்டால் மூன்றே முக்கால் மீட்டர். கால் தரையை விட்டு எழும்பியிருப்பது, மட்டை, மேலே கொஞ்சம் வெற்றிடம் எல்லாம் வரும். குதித்த உயரம் தெரியவேண்டுமென்றால் 50, ஆளின் முகம் வேண்டுமென்றால் 85. இரண்டிலும் எஃப் 1.8 கிடைக்கிறது என்பதுதான் விஷயம்.

கூடைப்பந்துக்கு இதே கணக்கு வேறு விடை தரும். வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். எண்ட் லைனுக்கு வெளியே உட்கார்ந்து ஐந்து மீட்டரில் நடக்கும் லே-அப்பை 50-இல் எடுத்தால் இரண்டரை மீட்டர்கூட உள்ளே வராது. ஆள் இருப்பார், வளையம் வெட்டுப்பட்டுப்போகும். 35 எம்.எம். எஃப் 1.8 என்றால் மூன்றரை மீட்டரை ஒட்டி வரும், பந்தும் வளையமும் கையும் ஒரே படத்தில் சேரும். கபடிக்கும் எனக்கு 35-தான் பிடிக்கும். ஆண்கள் ஆடும் களமே 13-க்கு 10 மீட்டர்தான். ரெய்டருக்கு மேல் ஏழு பேர் விழும்போது அந்தக் குவியல் முழுவதும் வேண்டும். ஆனால் கபடிக்காரர்கள் குனிந்தே நிற்பார்கள், மேலிருந்து விழும் விளக்கில் கண்குழி கறுத்துவிடும். நீ தரையோடு தரையாக உட்கார்ந்தால்தான் முகம் கிடைக்கும். பேட்மிண்டனில் இதற்கு நேர்மாறு. ஷட்டில் உயரே போகிறபோதெல்லாம் ஆட்டக்காரர் அண்ணாந்து பார்ப்பார், கூரை விளக்கு முழுவதும் அவர் முகத்தில் விழும். அந்த அரங்கத்தில் உனக்குக் கிடைக்கிற நல்ல வெளிச்சம் அது ஒன்றுதான், அதற்குக் காத்திரு. உன் படங்களில் அந்தப் பெண்ணின் படம் மற்றவற்றைவிட வெளிச்சமாக இருப்பதும் அதனால்தான்.

உன்னிடம் இருக்கிற 18-55-ஐயும் 70-300-ஐயும் அளவுகோலாக வைத்துக்கொள். முடிவு செய்த இடத்தில் உட்கார்ந்து அவற்றாலேயே ஒரு ஆட்டம் முழுவதும் எடு. படம் கலங்கினால் கலங்கட்டும். வீட்டுக்கு வந்து, உனக்குப் பிடித்த சட்டங்கள் எந்த எம்.எம்.மில் விழுந்திருக்கின்றன என்று பார். பெரும்பாலானவை 50-ஐச் சுற்றி இருந்தால் 85 வாங்கிப் பயனில்லை.

நாளிதழ்க்காரர்கள் கழுத்தில் தொங்கும் 70-200 எஃப் 2.8 பற்றிக் கேட்டிருந்தாய். அருமையான லென்ஸ், மறுக்கவில்லை. புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும், எடை ஒன்றரை கிலோவை ஒட்டி வரும். புரோ கபடி மாதிரி தொலைக்காட்சிக்காக விளக்கைக் கொட்டியிருக்கிற அரங்கத்தில் அதைவிட வசதியானது கிடையாது. உங்கள் அரங்கத்தில் அது 2.8-இல் நின்றுவிடும், அதாவது 1/500. 1/1000 வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ. 6400-க்குப் போகவேண்டும். ஜூம் இல்லாத சாதாரணப் பிரைம் லென்ஸ் அதைவிட ஒரு படி கூடுதலாகத் தருகிறது, விலையில் பாதிகூட இல்லாமல்.

இன்னொரு பக்கம் எஃப் 0.95 என்று விளம்பரப்படுத்துகிற மலிவு லென்ஸ்கள் கண்ணில் படும். அவற்றில் ஃபோகஸைக் கையால் திருப்பவேண்டும். ஸ்டான்லி குப்ரிக் ‘பாரி லிண்டன்’ படத்துக்காக மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஸெய்ஸின் எஃப் 0.7 லென்ஸை வைத்துப் படம் பிடித்தார். 1975-இல் வந்த படம் அது. அந்தக் காட்சிகளில் நடிகர்கள் அதிகம் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். உன் ஆட்டக்காரர்கள் உனக்காக உட்காரமாட்டார்கள்.

அகன்ற வாய்க்கு ஒரு விலை உண்டு. எட்டு மீட்டரில் 85-ஐ எஃப் 2-இல் வைத்தால் முன்னும் பின்னுமாகத் தெளிவாக இருப்பது ஏறக்குறைய ஒன்றரை முழம். ஆட்டக்காரர் வலைக்கு ஓடிவந்து நாலு மீட்டருக்குள் வந்துவிட்டால் ஒரு சாணுக்கும் குறைவு. மூக்கில் ஃபோகஸ் விழுந்தால் பின்னால் ஓங்கிய கை மங்கும். இதற்காகப் பயந்து எஃப் 4-க்குப் போகாதே. தொடர் ஃபோகஸில் வை. உன் கேமராவில் 39 ஃபோகஸ் புள்ளிகள் இருந்தாலும் நடுவில் இருக்கும் ஒன்பதுதான் குறுக்கும் நெடுக்கும் பார்க்கிற வகை. மங்கலான இடத்தில் அவற்றை நம்பு, ஓரத்துப் புள்ளிகளை விட்டுவிடு. அகன்ற லென்ஸ் இங்கேயும் உதவுகிறது. பட்டனை முழுக்க அழுத்தும்வரை லென்ஸின் வாய் முழுவதும் திறந்தேதான் இருக்கும், அதனால் ஃபோகஸ் பார்க்கிறபோதும் அந்த அகலம் முழுவதும் கிடைக்கிறது. 5.6-இல் தடுமாறி முன்னும் பின்னும் ஓடிய ஃபோகஸ் 1.8-இல் சட்டென்று பிடிப்பதை நீயே பார்ப்பாய்.

ஐ.எஸ்.ஓ.வை ஏற்றத் தயங்காதே. படத்தில் புள்ளி புள்ளியாக வந்தால் இன்றைய மென்பொருள் பெருமளவு துடைத்துவிடும், கலங்கிய முகத்தை அப்படித் துடைத்துவிட முடியாது. குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சம் ஏற்றினாலும் புள்ளிகள் குறையாது. ஃபிளாஷைத் தொடவே வேண்டாம்.

புது லென்ஸ் வந்தபிறகும் ஒரு தொல்லை மிச்சமிருக்கும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மஞ்சளடித்து இருட்டாகவும் வரும். கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதே. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய மெட்டல் ஹாலைடு விளக்கும் டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, 1/1000-க்குத் தெரியும். கேனான் 7டி மார்க் 2, நிக்கான் டி500 போன்ற கேமராக்கள் அந்த ஏற்றத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். உனக்கு வழி, முக்கியமான தருணத்தில் நாலைந்து படங்களைத் தொடராகத் தட்டுவதுதான். ஒன்றாவது உச்சியில் விழும். ரா கோப்பாக எடுத்தால் நிறத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

இனி வாங்குவது. புதுசு கட்டுப்படியாகாது, செகண்ட் ஹேண்ட்தான் என்று எழுதியிருந்தாய், நல்லதுதான். ஆனால் நிக்கானில் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய 85 எஃப் 1.8-இன் பெயர் ‘டி’ என்று முடியும். மலிவாகக் கிடைக்கும், கண்ணாடியும் நல்ல கண்ணாடி. ஆனால் அதற்குள் மோட்டார் கிடையாது, உன் டி5600-இன் உடலிலும் மோட்டார் கிடையாது. மாட்டலாம், படமும் எடுக்கலாம், ஃபோகஸ் மட்டும் தானாக வராது. உனக்கு வேண்டியது பெயரில் ‘ஏ.எஃப்.-எஸ்.’ என்று இருப்பது, ‘1.8ஜி’ என்று முடிவது. 35, 50, 85 மூன்றிலும் அது உண்டு.

வாங்குமுன் செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கமாகப் பார். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் ஃபங்கஸ், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதே. நம் ஊர் ஈரக்காற்றில் பீரோவுக்குள் துணியில் சுற்றி வைத்த லென்ஸ்களுக்கு இது வரும். கொஞ்சம் தூசி இருந்தால் பரவாயில்லை. விற்பவரின் கடைக்குள்ளேயே உன் கேமராவில் மாட்டி, நடந்து வருகிற யாரையாவது எஃப் 1.8-இல் எடுத்துப் பெரிதாக்கிப் பார்.

அதற்கும் முன்னால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிடு. கல்யாணப் படக்காரர்களிடம் 85 எஃப் 1.8 இல்லாமல் இருக்காது. முகூர்த்த நாளில் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். இப்போது ஆடி நடக்கிறது, லென்ஸெல்லாம் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும். வாடகையிலும் பேரம் பேசலாம். உன் கேமராவுக்குப் பொருந்துகிற மவுண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்.

சனிக்கிழமை பயிற்சி ஆட்டம் இருக்கிறது என்றாய். அம்மாவிடம் சொல்லிவிட்டு முன்கூட்டியே போ, வலைக்கம்பத்துக்கு நேரே உட்கார்ந்து 18-55-ஐ அதன் முழு நீளத்தில் வைத்துப் பாதி ஆட்டம், 70-300-ஐ 85-ஐ ஒட்டி வைத்துப் பாதி ஆட்டம் எடு. படங்களைத் திருத்தாமல், வெட்டாமல் எனக்கு அனுப்பு. 50-ஆ 85-ஆ என்று அவற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை அந்தக் கடைக்காரருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
மாமா