பெருங்குடும்பத்தின் தலைவி

வீட்டின் மூத்த பெண்மணி ஒருவர் மறைந்தால், அவருடைய நகைகளையும் நிழற்படங்களையும் பேழையில் வைத்துக் காக்கலாம். ஆனால், அவருடைய கைப்பக்குவத்தை எந்தப் பேழையிலும் வைக்க முடியாது. அருகில் இருந்து கற்றுக்கொண்டவரிடம் மட்டுமே அது உயிரோடு இருக்கும். பரதநாட்டியமும் அத்தகைய செல்வமே. சிங்கப்பூரில் அச்செல்வத்தைப் பல தலைமுறையினருக்கு வழங்கியவர் திருமதி நீலா சத்தியலிங்கம்.

இவர் 1938ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தார். ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் சென்னையில் தொடங்கிய கலாக்ஷேத்ராவில் நடனம் பயின்றார். இசைக் கலைஞர் சத்தியலிங்கத்தை மணந்துகொண்டார். 1974ஆம் ஆண்டு குடும்பத்தினருடன் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தார்.

புதிய நாட்டில் வாழ்க்கையைத் தொடங்குவது எளிதன்று. உறவினரும் நண்பரும் தொலைவில் இருக்க, புதிய சுற்றத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். நீலாவுக்கு அவருடைய கலையே சுற்றத்தைத் தேடித் தந்தது. மக்கள் கழகத்தில் இந்திய நடனம் கற்பித்தார். நடனங்களை அமைத்தும் கொடுத்தார். மலாய், சீன நடனக் கலைஞர்களோடும் இணைந்து பணியாற்றினார். 1977இல் கணவருடன் சேர்ந்து ‘அப்சரஸ் ஆர்ட்ஸ்’ என்னும் கலைக்கூடத்தை நிறுவினார். அவர் நடனம் கற்பிக்க, கணவர் இசையைக் கவனித்துக்கொண்டார். இவ்வாறு, ஒரு குடும்பத்தின் முயற்சி பல குடும்பங்களை ஒன்றிணைத்தது.

நாட்டிய வகுப்பில் ஆசிரியர் தட்டுக்கழியால் தாளம் தட்டுவார். மாணவர் அரைமண்டியில் நின்று தட்டடவு பழகுவார். முழங்கால் சற்று உயர்ந்தாலும், விரல் சற்று வளைந்தாலும் ஆசிரியரின் கண் கண்டுபிடித்துவிடும். ஒரே அடவைப் பலமுறை ஆடிய பிறகே அடுத்த அடவு. அலாரிப்பு, வர்ணம், தில்லானா என்று கற்று அரங்கேற்றம் காணப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஆசிரியரும் மாணவரும் உறவினர் போல ஆகிவிடுவர். நாட்டிய ஆசிரியரை ‘அக்கா’ என்றோ ‘மாமி’ என்றோ முறை சொல்லி அழைப்பது நம் வழக்கம். அப்படி அழைக்கும்போதே வகுப்பறை வீடாகிவிடுகிறது. அரங்கேற்றம் நெருங்கினால், பூவும் சலங்கையும் வாங்க லிட்டில் இந்தியாவுக்குச் செல்லும் பெற்றோரும் அந்தப் பெருங்குடும்பத்தில் சேர்ந்துவிடுகின்றனர்.

நீலா சத்தியலிங்கத்தின் கலைத்தொண்டைப் பாராட்டி, 1989ஆம் ஆண்டு சிங்கப்பூர் அரசாங்கம் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கியது. கலைஞர்களுக்கு நாடு அளிக்கும் மிக உயரிய சிறப்பு அது. 2017ஆம் ஆண்டு, தமது 79ஆம் வயதில் அவர் காலமானார். அவர் தொடங்கிய கலைக்கூடம் இன்றும் இயங்கி வருகிறது. அவரிடம் கற்றவர்கள் இப்போது பிறருக்குக் கற்பிக்கிறார்கள்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம், மூத்தோரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து பாதுகாக்கிறது. அது அரிய பணி. ஆயினும், ஒலிப்பதிவு கதையைச் சொல்லுமே தவிர, காலையும் கையையும் பழக்கிவிடாது. அதற்கு ஆளுக்கு ஆள் உடனிருக்க வேண்டும்.

நம் வீட்டிலும் பாட்டியிடம் ஒரு கலை இருக்கும். கோலமோ பூத்தொடுத்தலோ தாலாட்டோ மீன்குழம்போ, எதுவாகவும் இருக்கலாம். “பிறகு கற்றுக்கொள்ளலாம்” என்று நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அந்தக் கலையின் ஆயுளில் ஒரு நாள் குறைகிறது. பாட்டியின் அருகில் சென்று அமர இந்த வார இறுதியே போதும்.