அலுவலகத் தரவுத்தளத்தை உள்ளிருந்தும் வெளியிருந்தும் அணுகுதல்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டபின், பாலகாட், சாம்பியன் ரீப் முதலிய பகுதிகளின் மக்கள் பலர் நாள்தோறும் இரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் பணிபுரிந்து வருகின்றனர். அவர்களுள் ஒருவர், பகலில் அலுவலகத்தில் எளிதாகத் திறந்த தரவுத்தளத்தை இரவில் பாலகாட்டு வீட்டிலிருந்து திறக்க முயல்வதாகக் கொள்க. கணிப்பொறி அதுவே, கடவுச்சொல்லும் அதுவே. எனினும் தளம் திறவாது.

பழுது முகவரியில் உள்ளது. அலுவலக சர்வருக்கு 192.168.1.10 என்பது போன்றதோர் எண் இடப்பட்டிருக்கும். 10 என்றும், 172.16 முதல் 172.31 வரையிலும், 192.168 என்றும் தொடங்கும் எண்களை 1996ஆம் ஆண்டின் இணைய நெறிமுறை உள் வலையமைப்புகளுக்கென ஒதுக்கியுள்ளது. இவை சுரங்கத்தின் மட்ட எண்களை ஒத்தவை. பத்தாம் மட்டம் அடுத்தடுத்த இரு சுரங்கங்களிலும் உண்டு. தெருவில் நிற்பவனுக்கு அவ்வெண் மட்டும் வழிகாட்டாது. அலுவலகத்தின் வாயிலில் அமைந்த ரவுட்டர், வெளிச்செல்லும் செய்திகளுக்குத் தன் பொது முகவரியை இட்டு அனுப்பும். வெளியிலிருந்து தானாக வரும் அழைப்பை உள்ளே எவரிடம் சேர்ப்பது என்று அது அறியாது, ஆதலின் தள்ளிவிடும்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. மைஎஸ்கியூஎல் தளத்திற்கு 3306, போஸ்ட்கிரெஸ் தளத்திற்கு 5432 என வழக்கமான வாயில் எண்கள் உள்ளன. அவ்வாயிலுக்கு வரும் அழைப்பையெல்லாம் சர்வருக்கே அனுப்புமாறு ரவுட்டரைப் பணித்தால் இணைப்புக் கிட்டும். ஆனால் அவ்வாயில் உலகனைத்திற்கும் திறந்துவிடும். 2003 ஜனவரி 25 அன்று பரவிய ‘ஸ்லாமர்’ என்னும் புழு, மைக்ரோசாப்ட்டின் தரவுத்தள சர்வர்களை 1434ஆம் வாயில் வழியே தாக்கியது. தாக்குதலுக்கு இடங்கொடுத்த பொறிகளுள் மிகப் பெரும்பாலானவை பத்தே நிமிடங்களில் அதன் வயப்பட்டன. தடுக்கும் திருத்தமோ ஆறு திங்களுக்கு முன்னரே வெளியாகியிருந்தது!

ஆகவே வி.பி.என். முறையே தக்கது. வீட்டுக் கணிப்பொறிக்கும் அலுவலக வாயிலுக்கும் இடையே மறையாக்கம் செய்த பாதை அமைகின்றது. அதன்பின் உள்முகவரியே போதும். இதிலும் ஒரு சிக்கல் நேர்வதுண்டு. வீட்டு ரவுட்டரும் 192.168.1 என்னும் வரிசையையே வழங்கினால், அழைப்பு அலுவலகத்தை நாடாமல் வீட்டினுள்ளேயே சுற்றும். அலுவலகத்திற்கு 10.37.5 போன்ற அருகிய வரிசையைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுதல் நலம்.

களப்பணியாளர் பிழைச்செய்தியையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என உடனே விடைவரின், அழைப்பு ஒரு பொறியை அடைந்துவிட்டது. பெரும்பாலும் தளம் இயங்கவில்லை, அல்லது 127.0.0.1 என்னும் தன் முகவரியில் மட்டும் செவிசாய்க்கின்றது. நெடுநேரம் காத்தபின் ‘காலம் கடந்தது’ என வரின், பெரும்பாலும் இடைவழியிலோ சர்வரின் தீச்சுவரிலோ அழைப்பு மறைந்தது என்க. ஆசிரியர்கள் இவ்விரண்டையும் ஆய்வுக்கூடத்திலேயே காட்டலாம்: முதலில் தளத்தை நிறுத்திவிட்டும், பின்னர் மாணவரின் கணிப்பொறியைக் கைப்பேசி இணைப்பிற்கு மாற்றியும் அதே முகவரியை அழைத்துப் பார்த்தால் போதும்.