கலர் லேசர் பிரிண்டர்: வாங்கும் விலையும் ஓட்டும் செலவும்

கடைக்கு ஒரு கலர் லேசர் பிரிண்டர் வாங்கிப் போடலாமா என்று அண்மைக் காலமாக உறுப்பினர்கள் பலர் நம்மிடம் கேட்டு வருகிறார்கள். அச்சடிக்கும், நகல் எடுக்கும், ஸ்கேன் செய்யும். மூன்று வேலைக்கும் ஒரே பெட்டி என்பதால் 'ஆல்-இன்-ஒன்' என்று சொல்லி விற்கிறார்கள். விலைப்பட்டியலை வண்ணத்தில் அடித்துக் கொடுக்கலாம், பில் போடலாம், வங்கிக்கு வேண்டிய நகல்களைக் கடையிலேயே எடுக்கலாம் என்று விற்பனைப் பிரதிநிதி அடுக்கும்போது நியாயமாகவே படுகிறது. ஆனால் அவர் சொல்வது இயந்திரத்தின் விலையை மட்டும். துவரம் பருப்பை மூட்டை விலை பார்த்தா நாம் கொள்முதல் செய்கிறோம்? உடைசல், கழிவு, லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்துக் கிலோ என்ன அடக்கம் என்று கண்ட பிறகே பேரத்துக்கு உட்காருகிறோம். பிரிண்டரையும் அப்படியே பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அடிக்க என்ன அடக்கம் என்பதே முதல் கேள்வி.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் செலவு எங்கே போகிறது என்பது விளங்கும். லேசர் பிரிண்டரில் திரவ மை கிடையாது. டோனர் என்பது மாவைவிட நைசான பிளாஸ்டிக் பொடி. டிரம் எனும் உருளையின் மேல் லேசர் ஒளி எழுத்தின் உருவத்தை மின்னூட்டமாகப் பதிக்கிறது. அந்த இடத்தில் பொடி ஒட்டிக்கொண்டு தாளுக்கு மாறுகிறது. பிறகு ஃப்யூசர் எனும் சூடான உருளை ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் பொடியை உருக்கித் தாளோடு சேர்த்துவிடுகிறது. இதற்கு மூலமான உலர் நகல் முறையை 1938-ல் அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் செய்து காட்டினார். அதனோடு லேசரைச் சேர்த்தவர் ஜெராக்ஸ் கம்பெனியின் கேரி ஸ்டார்க்வெதர். நகல் எடுப்பதையே நாம் 'ஜெராக்ஸ் எடுப்பது' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது அந்தக் கம்பெனியின் பெயர்.

கறுப்பு வெள்ளை இயந்திரத்தில் ஒரு டோனர். கலர் இயந்திரத்தில் கறுப்பு, நீலம், செந்நீலம், மஞ்சள் என்று நான்கு. இந்த நான்கையும் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லாமல் விட்டால், நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரில், நீங்கள் கேட்ட மாடலுக்கு என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிறிய கலர் இயந்திரம் ஒன்று ரூ.40,000 என்று கொள்வோம். கறுப்பு டோனர் ரூ.5,400, அது 1,350 பக்கம் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஆக ஒரு கறுப்புப் பக்கத்துக்கு ரூ.4. வண்ண டோனர் ஒவ்வொன்றும் ரூ.6,000, 1,250 பக்கம் வரும். ஒரு நிறத்துக்கு ரூ.4.80, மூன்று நிறத்துக்கு ரூ.14.40. கறுப்பையும் சேர்த்தால் ஒரு கலர் பக்கத்தின் அடக்கம் ரூ.18.40. தாளும் மின்சாரமும் தனி. நான்கு டோனரையும் ஒருமுறை மாற்றினால் ரூ.23,400, அதாவது இயந்திரத்தின் விலையில் பாதிக்கு மேல்.

மாதம் 1,500 தாள் அடிக்கும் மொத்த வியாபாரக் கடையில் 1,400 பில்லும் கணக்கும், 100 மட்டுமே வண்ணத்தில் அடிக்க வேண்டியவை என்று வையுங்கள். இந்தச் சிறிய இயந்திரத்தில் மாதச் செலவு ரூ.7,440. இதே வேலையை வேறு விதமாகச் செய்து பார்ப்போம். கறுப்பு வெள்ளை லேசர் ஆல்-இன்-ஒன் ஒன்று ரூ.22,000, அதன் டோனர் ரூ.4,500-க்கு 3,000 பக்கம், பக்கம் ரூ.1.50. 1,400 தாளுக்கு ரூ.2,100. கலர் தாள் நூறையும் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் தாளுக்குப் பத்து ரூபாய் கொடுத்து அடித்து வாங்கினால் ரூ.1,000. ஆக மொத்தம் ரூ.3,100. மாதம் ரூ.4,340 வித்தியாசம், ஆண்டுக்கு ரூ.52,080. இயந்திரம் வாங்கிய விலையைவிட ஓராண்டில் போகும் வித்தியாசம் அதிகம்.

அப்படியானால் கலர் இயந்திரமே வேண்டாமா என்றால், அதையும் அவசரப்பட்டுச் சொல்வதற்கில்லை. பெரிய டோனர் கொள்ளும் இயந்திரங்கள் உண்டு. ரூ.75,000 இயந்திரத்தில் கறுப்பு டோனர் ரூ.12,000-க்கு 7,500 பக்கமும், வண்ணம் ஒவ்வொன்றும் ரூ.15,000-க்கு 6,000 பக்கமும் வந்தால், கறுப்புப் பக்கம் ரூ.1.60, கலர் பக்கம் ரூ.9.10. மேலே சொன்ன 1,500 தாளுக்கு ரூ.3,150 ஆகும். சிறிய கலர் இயந்திரத்தோடு ஒப்பிட்டால் மாதம் ரூ.4,290 மிச்சம். விலையில் கூடுதலாகக் கொடுத்த ரூ.35,000 எட்டு மாதம் சொச்சத்தில் திரும்பி வந்துவிடும். ஆனால் மாதம் 200 தாள் மட்டுமே அடிக்கும் கடையில், அதில் 20 கலர் என்றால், இரண்டுக்கும் வித்தியாசம் ரூ.618 மட்டுமே, அந்த ரூ.35,000 திரும்ப ஐந்தாண்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். டோனர் ஒரு செட் மாற்றவே ரூ.57,000 முடக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

நம் கருத்தைக் கேட்டால், பெரும்பாலான மளிகைக் கடைக்கும் சிறிய மண்டிக்கும் கறுப்பு வெள்ளை லேசர் ஆல்-இன்-ஒன் போதும். தினமும் விலை மாறும் சரக்கில் வண்ண விலைப்பட்டியலைக் காலை எட்டு மணிக்குள் கொடுத்தாக வேண்டியவர்களும், விலையை ஜெராக்ஸ் கடை மேசையில் வைத்து நாலு பேர் பார்க்க விட விரும்பாதவர்களும் கலர் இயந்திரத்தை யோசிக்கலாம். அவர்களும் பெரிய டோனர் ரகத்தைப் பார்ப்பது நல்லது. தீபாவளி, பொங்கலுக்கு ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அடிப்பதற்கென்று இதை வாங்க வேண்டாம். அந்த வேலைக்கு ஆப்செட் அச்சகம் இருக்கிறது, சிவகாசி இருக்கிறது.

நோட்டீஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ரூபாய் நோட்டைப் போலவே தள்ளுபடிக் கூப்பன் அடித்துக் கொடுக்கும் ஆசை நம்மில் சிலருக்கு உண்டு. ரூபாய் நோட்டை ஒத்த தாளை அச்சிடுவது சட்டப்படி குற்றம். பல கலர் லேசர் இயந்திரங்கள் தாங்கள் அடிக்கும் தாளில் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளாகத் தங்கள் அடையாள எண்ணைப் பதித்துவிடுகின்றன. 2005-ல் அமெரிக்காவில் ஓர் அமைப்பு அந்தப் புள்ளிகளைப் படித்தே காட்டிவிட்டது.

பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையை அப்படியே நம்பிக் கணக்குப் போடக்கூடாது. அது சர்வதேச அளவுகோலின்படி, ஒவ்வொரு நிறமும் தாளில் சுமார் 5 சதவீத இடத்தை மூடும் மாதிரிப் பக்கங்களை அடித்துக் கண்டது. நம் பில்லுக்கு அது ஏறக்குறைய பொருந்தும். மேலே பட்டையாகச் சிவப்பு, நடுவில் மஞ்சள் கட்டம், மூலையில் சாமி படம் என்று நாம் அடிக்கும் விலைப்பட்டியலில் 20 சதவீதம் நிறம் இருந்தால், 1,250 பக்கம் சுமார் 300 பக்கமாகிவிடும். இன்னொன்று, புது இயந்திரத்தோடு வரும் டோனர் பல மாடல்களில் முழு அளவு இருக்காது. எத்தனை பக்கம் வரும் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். கறுப்பு மட்டுமே அடித்தாலும், இயந்திரம் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது வண்ண டோனரும் கொஞ்சம் கரையும். மஞ்சள் தீர்ந்தால் கறுப்பு பில்லும் அடிக்க மறுக்கும் மாடல்கள் உண்டு. சந்தை நாளில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மலிவு டோனரும் ரீஃபில்லும் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும். ஆனால் டோனரில் இருக்கும் சிப்பைப் பார்த்து வெளி டோனரை ஏற்க மறுக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. இணையம் வழியாக இயந்திரத்தின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பிறகு, நேற்று வரை ஓடிய டோனர் இன்று ஓடாமல் போவதும் உண்டு. உங்கள் ஊரில் அந்த மாடலுக்கு ரீஃபில் செய்பவர் இருக்கிறாரா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

இங்க் டேங்க் பிரிண்டர் ஓட்டும் செலவு மிகக் குறைவு என்பது உண்மையே. ஆனால் சாதாரண மையில் அடித்த தாள் ஈரக்கை பட்டால் கலங்கும். பல நாள் ஓட்டாமல் வைத்தால் மை வரும் துளை அடைத்துக்கொள்ளும். டோனர் காய்வதில்லை, தண்ணீரில் கரைவதுமில்லை. ஈரமும் எண்ணெயும் புழங்கும் நம் கடையில் இது பெரிய அனுகூலம்.

ஆல்-இன்-ஒன் என்பதில் நமக்கு உண்மையில் பயன் தருவது ஸ்கேனர் என்று நினைக்கிறோம். காரணம் இருக்கிறது. நமக்கு வரும் கொள்முதல் பில்களில் பல இன்று தெர்மல் தாளில் வருகின்றன. அந்தத் தாளில் மையே கிடையாது. சூடு பட்டுக் கறுக்கும் பூச்சு மட்டுமே. வெயில், எண்ணெய், பிளாஸ்டிக் உறை இவை பட்டால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். ஜி.எஸ்.டி. சட்டமோ, அந்த ஆண்டின் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளையும் ஆவணங்களையும் பாதுகாக்கச் சொல்கிறது. வரி வரவு எடுத்த பில் வெள்ளைத் தாளாகிக் கிடந்தால் அதிகாரியிடம் எதைக் காட்டுவது? வந்த அன்றே நகல் எடுத்து, ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரிலும் வைத்துவிட வேண்டும். ஆகவே தாள்களைத் தானே ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளும் மேல் தட்டு அவசியம். இரு பக்கமும் ஒரே இழுப்பில் ஸ்கேன் செய்வதானால் இன்னும் நல்லது. பேக்ஸ் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதை உடனே தூக்கிப் போட வேண்டாம். கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்று பிரதி எடுப்பது லேசரில் முடியாது. மூன்று தாள் அடித்தால் மூன்று பக்கச் செலவு. சரக்கு விற்பனைக்கு வாங்குபவர், லாரிக்காரர், நமக்கு என்று மூன்று பிரதி போட விதி இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டி இ-இன்வாய்ஸ் போடுபவர்களுக்கு அந்த மூன்று பிரதிக் கட்டாயம் இல்லை. ஆனால் அந்தப் பில்லில் க்யூ.ஆர். கட்டம் தெளிவாக விழ வேண்டும். அதற்கு லேசர் மிகப் பொருத்தம்.

வாங்கப் போகும்போது கடைக்காரர் வைத்திருக்கும் பூப்படத்தை அடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். உங்கள் பில் ஒன்று, விலைப்பட்டியல் ஒன்று இரண்டையும் பென் டிரைவில் கொண்டுபோய் அடிக்கச் சொல்லுங்கள். அரைத் தாளான ஏ5 அளவில் பில் போடுபவர்கள் அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். க்யூ.ஆர். கட்டத்தைச் செல்போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். நிமிடத்துக்கு 25 பக்கம், 30 பக்கம் என்ற வேகத்தில் நமக்கு அதிகம் வேலையில்லை. நாம் ஒவ்வொரு பில்லாக அடிப்பவர்கள். இயந்திரத்தைப் பத்து நிமிடம் சும்மா விட்டு, பிறகு ஒரு பில் கொடுத்தால் முதல் தாள் எத்தனை நொடியில் வருகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். லாரி நிற்கும்போது அந்த நொடிகளின் அருமை தெரியும்.

இடமும் முக்கியம். வத்தல் மூட்டை, மாவு, மஞ்சள் தூசி பறக்கும் இடத்தில் வைத்தால் டிரம்மும் உருளைகளும் சீக்கிரம் கெடும். கண்ணாடித் தடுப்புக்குள், கணக்கர் மேசைப் பக்கம் வையுங்கள். மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்து உள்ளே சிக்கும். பிரித்த தாள் கட்டை உறையோடு மூடி வைக்கவும். கம்ப்யூட்டருக்கு உள்ள சின்ன யு.பி.எஸ்.-ல் லேசர் பிரிண்டரைச் செருகவே கூடாது. ஃப்யூசர் சூடேறும் நொடியில் 1,000 வாட்டுக்கு மேல் இழுப்பவை உண்டு. சரக்குப் பொட்டலத்துக்கு லேபிள் அடிப்பவர்கள் லேசருக்கென்று விற்கும் ஒட்டுத்தாளையே போடவும். வேறு ரகம் போட்டால் பசை உருகி ஃப்யூசரில் ஒட்டிக்கொள்ளும்.

பழைய இயந்திரம் மலிவாக வந்தால் உதிரி பாகம் கிடைக்குமா என்று பார்த்த பிறகே கை நீட்டுங்கள். சாம்சங் நிறுவனம் தன் பிரிண்டர் தொழிலை 2017-ல் எச்.பி.க்கு விற்றுவிட்டது. அந்தப் பெயர் போட்ட இயந்திரம் வைத்திருப்பவர்கள் எச்.பி. வழியாகவே டோனரும் மென்பொருளும் தேட வேண்டியிருக்கும்.

பில்லைக் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் வாங்குங்கள். 18 சதவீத வரியை வழக்கமான முறையில் வரி கட்டுபவர்கள் வரவு எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்த வரித் தொகையின் மேல் தேய்மானம் கோரக்கூடாது என்று ஆடிட்டர் சொல்வார். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வரி வரவு கிடையாது. அவர்களுக்கு வரியும் அடக்க விலையே. கொட்டேஷன் கேட்கும்போது இயந்திரம், நான்கு முழு அளவு டோனர், டிரம் ஆகியவற்றின் விலையையும், ஒவ்வொன்றும் தரும் பக்க எண்ணிக்கையையும், வாரண்டியில் ஆள் கடைக்கு வருவாரா அல்லது நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று கடையில் அப்படி வாங்கி, மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள்.